காய்ச்சலை ஆராய்ந்தோரும் அவர்க்குப் பொருள் ஈந்தோரும்

யூபிலி மலருக்குக் கட்டுரை ஒன்று தருமாறு தமிழாசிரியனிடம் கேட்டால், சங்க இலக்கியத் துறை ஒன்றோ சமய குரவர் ஒருவரது வரலாறோ வந்து சேருமென்று மலர்க் குழுவினர் எதிர்பார்த்திருத்தல் இயல்பே. அவ்வகைக் கட்டுரைகள் இம்மலரிற் குறைவின்றி இடம்பெறும். ஆதலின், நம் ஊவா மாகாணத்தோடு நெருங்கிய தொடர்புடையதாயிருந்தும் நம்மவர் அதிகம் எண்ணிப் பாராத ஒரு பொருளை ஈண்டு எடுத்துக்கொள்கின்றேன். நோய் ஏன் வருகின்றது, எவர்க்கு வருகின்றது, எங்கே மிகுதியாக வருகின்றது என்று ஊர் ஊராகச் சென்று ஆராயும் இளைஞர்க்கு வேண்டிய பொருளை யார் கொடுக்கின்றனர், யார் கொடுத்தல் வேண்டும் என்பதே அப்பொருள்.

உயர்தர வகுப்பில் உயிரியல் பயிலும் மாணவரிடம், எதிர்காலத்தில் யாதாக விரும்புகின்றீர் என்று வினாவினால், வைத்தியர் என்ற விடையே பெரும்பாலும் வரும். நல்ல விருப்பமே. ஆயினும், வைத்தியர் தம் முன்னே வந்து அமரும் நோயாளி ஒருவரைப் பார்க்கின்றார். பொதுச் சுகாதார ஆராய்ச்சியாளரோ வராதவரையும் எண்ணுகின்றார். ஒரே ஊரில், ஒரே மழையில், ஒரே நுளம்புக் கூட்டத்தின் நடுவே, இவ்வீட்டாருக்குக் காய்ச்சல் வர, அடுத்த வீட்டாருக்கு வராதிருத்தற்குக் காரணம் யாது என்று அவர் கேட்கின்றார். இக்கேள்விக்கு விடை காணப் பல மாதம், சிலவேளை பல ஆண்டு செல்லும். அக்காலம் முழுவதும் அவர் உண்ண வேண்டும். பேருந்துக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் பொருள் வேண்டும். இரத்தப் பரிசோதனைக்குக் கண்ணாடித் தகடும் நுணுக்குக்காட்டியும் வேண்டும். உதவியாளருக்குச் சம்பளம் கொடுத்தல் வேண்டும். வைத்தியருக்கு மருந்துக்கூடம் எத்துணை இன்றியமையாததோ, ஆராய்ச்சியாளருக்கு இப்பொருள் அத்துணை இன்றியமையாதது.

இதற்கு நாம் வழங்கும் சொல் 'மானியம்' என்பது. தமிழாசிரியன் ஆதலின் இச்சொல்லின்மேற் சிறிது தங்கிச் செல்ல மாணவர் பொறுத்தருள்க. முற்காலத்தில் மானியம் என்றது பெரும்பாலும் வரி நீக்கிக் கொடுத்த நிலத்தை. கோயிலுக்கோ, ஊர்த் தொழில் செய்வார்க்கோ அந்நிலம் விடப்பட்டது. கையிற் கொடுத்த காசு ஒருநாளிற் செலவாகிவிடும். விடப்பட்ட நிலமோ ஆண்டுதோறும் விளையும். செங்கற்பட்டை அடுத்த திருமுக்கூடற் கோயிற் சுவரிலே, 11ஆம் நூற்றாண்டில் ஆண்ட வீரராசேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு ஒன்று உண்டு. அங்கே மாணவர் கல்வி பயில ஒரு சாலையும், பதினைந்து படுக்கை கொண்ட ஆதுலர்சாலையும் இருந்தன. வைத்தியருக்கு இவ்வளவு நெல், அறுவை செய்வாருக்கு இவ்வளவு, மருந்து கொண்டுவருவாருக்கு இவ்வளவு, மருந்து அடும் பெண்டிருக்கு இவ்வளவு என்று அளந்து வைத்துள்ளார்கள். வைத்திருக்க வேண்டிய மருந்துகளின் பெயர்களும் அச்சுவரிலே உள்ளன. நோய் வந்தபின் உண்டியல் குலுக்கும் வழக்கமன்று அது. நோய் வருமுன்னரே விளைச்சலிற் பங்கு ஒதுக்கிய வழக்கம். அக்கல்வெட்டுச் சிகிச்சைக்கு ஒதுக்கியதேயன்றி ஆராய்ச்சிக்கு ஒதுக்கவில்லை என்பது உண்மை. ஆயினும் ஆண்டுதோறும் தவறாது வருவதே மானியம் என்னும் கருத்தை நாம் மனத்திற் பதித்துக்கொள்வது நல்லது. பின்னர் அது நமக்குப் பயன்படும்.

இனி நம் நாட்டுக்கு வருவோம். பொதுச் சுகாதார ஆராய்ச்சிக்கென அந்நிய நாட்டுப் பெரும்பொருள் இலங்கையிற் புகுந்த முதற் களங்களுள் ஒன்று தேயிலைத் தோட்டமே என்பது பலர் அறியாத செய்தி. அமெரிக்காவில் 1913இல் நிறுவப்பெற்ற றொக்பெல்லர் நிதியம், கொழுக்கிப் புழுவை ஒழிக்கும் இயக்கத்தை 1916இல் மாத்தளைப் பகுதித் தோட்டங்களிலே தொடங்கிற்று. தென்னிந்தியாவிலிருந்து வந்து லயங்களிற் குடியிருந்த நம் முன்னோர் வெறுங்காலோடு மலையேறியவர்கள். லயங்களுக்கு அக்காலத்தில் மலகூட வசதி பெரும்பாலும் இல்லை. புழுவின் குஞ்சு ஈரமண்ணிலிருந்து பாதத்தின் தோலைத் துளைத்து உட்புகுந்து, குடலிலே தங்கி, இரத்தத்தைக் குடிக்கும். பரிசோதிக்கப்பட்ட தொழிலாளருட் பெரும்பாலோர் உடலில் அப்புழு இருந்தது. செனப்போடியம் என்னும் எண்ணெயைக் கொடுத்துப் புழுவை நீக்கினர். மருந்துண்டவர் அதே மண்ணிலே மறுபடியும் வெறுங்காலோடு நடந்தனர். புழுவும் மறுபடி வந்தது. மலகூடம் கட்டுங்கள் என்று ஆராய்ச்சியாளர் கூறியபோது, தோட்டத்துரைமார் பலர் செலவைக் காட்டிப் பின்வாங்கினர். மருந்து மலிவு, மலகூடம் விலை கூடியது. அத்தருக்கம் இன்னும் சில இடங்களில் உயிரோடிருக்கின்றது என்று கூறினால் மிகையாகாது.

அவ்வியக்கம் புழுவை ஒழிக்கவில்லை; ஆனால் அதிலிருந்து வேறொன்று விளைந்தது. மருந்து கொடுத்துக்கொண்டே திரிவதிலும், நாட்டிலேயே ஆட்களைப் பயிற்றுவதே நிலையான பயனைத் தரும் என்னும் கருத்து வலுப்பெற்றது. 1926இல் அந்நிதியத்தின் உதவியோடு களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவு நிறுவப்பட்டது. நம் நாட்டு வைத்தியர் சிலர் அந்நிதியத்தின் புலமைப்பரிசில் பெற்று அமெரிக்கா சென்று, பொதுச் சுகாதாரம் பயின்று மீண்டு வந்து இத்துறையில் உழைத்தனர். இன்று ஒவ்வொரு பகுதிக்கும் சுகாதார வைத்திய அதிகாரி ஒருவரும், பொதுச் சுகாதாரப் பரிசோதகரும், குடும்பநல உத்தியோகத்தரும் இருப்பது அந்தக் களுத்துறை வித்திலிருந்து வளர்ந்த மரத்தின் கிளைகளே. களுத்துறையில் இன்று தேசிய சுகாதார விஞ்ஞான நிறுவகம் இயங்குகின்றது. தோட்ட மக்களின் சுகாதாரமோ நெடுங்காலம் தோட்ட நிர்வாகங்களின் பொறுப்பிலேயே விடப்பட்டிருந்தது. எவர் உடலில் ஆராய்ச்சி தொடங்கிற்றோ, அவர்க்கு அம்மரத்தின் நிழல் கடைசியாகவே கிடைத்தது.

மலேரியாவின் கதை இதனினும் பெரிது. 1934, 1935 ஆண்டுகளில் வந்த கொள்ளை நோய் சில மாதங்களுள் ஏறத்தாழ 80,000 உயிர்களைக் கொண்டுபோயிற்று. இரண்டாம் உலகப் போரின் பின் டீ. டீ. ரீ. தெளிக்கப்பட்டு, 1963இல் நாடு முழுவதிலும் 17 நோயாளரே காணப்பட்டனர். போய்விட்டது என்று மகிழ்ந்து தெளிப்பை நிறுத்தினர், கண்காணிப்பும் தளர்ந்தது. 1969இல் நோயாளர் தொகை 5 இலட்சத்தையும் தாண்டிற்று. 1987இல் 6 இலட்சத்தையும் மிஞ்சிற்று. மொனராகலை மாவட்டத்திற் பிறந்து இப்போது நடுவயதிலுள்ளவர்க்கு இவ்வெண்கள் வேண்டா. குளிர்காய்ச்சலும் கசப்பு வில்லையும் நினைவில் உண்டு.

ஈண்டுத்தான் நம் கதிர்காமம் வருகின்றது. முருகன் திருத்தலமாகவே நாம் அறிந்த கதிர்காமம், உலக மலேரியா ஆராய்ச்சியாளரிடையே வேறொரு வகையிற் புகழ் பெற்றது. 1980களில், கொழும்புப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தின் மலேரியா ஆய்வுக் குழுவினர், பேராசிரியை கமினி மென்டிஸ் அவர்களின் தலைமையில், மொனராகலை மாவட்டத்துக் கதிர்காமப் பகுதியைத் தம் களமாகத் தெரிந்தனர். எடின்பரோப் பல்கலைக்கழகத்து றிச்சாட் காட்டர் என்பாரும் அவர்களோடு உழைத்தார். அங்கே வீடு வீடாகச் சென்று, எவர்க்கு எப்போது காய்ச்சல் வந்தது, இரத்தத்தில் எவ்வகைக் கிருமி இருந்தது, வீட்டினுள்ளே எத்தனை நுளம்பு தங்கியிருந்தது என்றெல்லாம் பதிந்தனர். பிறநாட்டார் வந்து இரத்தத் துளியை எடுத்துச் சென்று தம் ஊரில் ஆராய்ந்து கட்டுரை எழுதும் வழக்கம் அக்காலத்தில் மிகுந்திருந்தது. இங்கே களமும் நமது, கேள்வியும் நமது, கேட்டவரும் நம் நாட்டவர்.

அவ்வாய்வுகளுள் 1991இல் வெளிவந்த ஒன்றைச் சிறிது விரித்துக் கூறல் தகும். காய்ச்சல் ஊர் முழுவதும் சமமாகப் பரவியிருக்கவில்லை. சில வீடுகளிலே குவிந்திருந்தது. அவை எத்தகைய வீடுகள் என்று பார்த்தனர். மண்சுவர் அல்லது கிடுகுச் சுவர், கிடுகுக் கூரை, முற்றுப்பெறாத அமைப்பு என்றிருந்த வீடுகளில், செங்கற்சுவர் பூசி ஓடு வேய்ந்த வீடுகளிலும் பார்க்க இரு மடங்களவில் நோய் காணப்பட்டது. அவ்வெளிய வீடுகளின் உட்புறத்தில் நுளம்பும் மிகுதியாகத் தங்கியிருந்தது. இதனைக் கேட்டவுடன், இஃது எவர்க்குத் தெரியாது என்று தோன்றலாம். தோன்றுவது வேறு, அளந்து காட்டுவது வேறு. அளந்து காட்டியதனாலன்றோ பின்னர் 1998இல் வெளிவந்த மற்றோர் ஆய்வு, நல்ல வீடு கட்ட அரசு செலவிடும் பணம், மலேரியாவுக்குச் செலவிடாது மிஞ்சும் பணத்தால் ஏழாண்டளவில் ஈடாகிவிடும் என்று கணக்கிட முடிந்தது! வீடு கேட்டு மனு எழுதும் ஏழைக்கு இதனினும் வலிய துணை வேறு யாது?

ஆசிரியராகிய நாம் மறவாது அறிய வேண்டிய ஆய்வு இன்னொன்று. தீபிகா பெர்னாண்டோ என்பார் முதலாசிரியராக நின்று, தென்னிலங்கையின் மலேரியாப் பகுதியொன்றிற் பாடசாலைப் பிள்ளைகள் 571 பேரை ஆராய்ந்து 2003இல் வெளியிட்டது. ஆறாண்டுக் காலம் ஒவ்வொரு பிள்ளைக்கும் எத்தனை முறை மலேரியா வந்தது என்று பதிந்துவைத்து, பின்னர் மொழியிலும் கணிதத்திலும் பரீட்சை வைத்தனர். ஐந்து முறைக்கு மேல் நோயுற்ற பிள்ளைகள், மூன்று முறைக்குக் குறைவாக நோயுற்றவரிலும் நூற்றுக்குப் பதினைந்தளவு குறைந்த புள்ளி பெற்றனர். பெற்றோரின் கல்வி, வருமானம், வீட்டின் வகை ஆகியவற்றைக் கணக்கிற் சேர்த்த பின்பும் இவ்வேறுபாடு நின்றது. பின்னர் 2006இல் வெளிவந்த ஆய்வில், பிள்ளைகளை இரு பகுதியாக்கி, ஒரு பகுதியினர்க்கு வாரந்தோறும் குளோரோகுயின் வில்லையும், மற்றவர்க்கு மருந்தற்ற வில்லையும் ஒன்பது மாதம் கொடுத்தனர். எவர்க்கு எது என்பது கொடுத்தவர்க்கும் தெரியாது, உண்டவர்க்கும் தெரியாது. மருந்து பெற்றவரிடையே மலேரியா பாதிக்கு மேற் குறைந்தது. பாடசாலைக்கு வராது நின்ற நாள்களும் பாதிக்கு மேற் குறைந்தன. மொழியிலும் கணிதத்திலும் புள்ளி ஏறத்தாழ நூற்றுக்கு இருபத்தாறு பங்கு உயர்ந்தது. இலக்கணம் ஏறாத பிள்ளையைச் சோம்பேறி என்று வைவதற்கு முன், அவன் இரத்தத்தையும் நினைத்துப் பார்க்குமாறு இவ்வாய்வு நமக்கு உரைக்கின்றது. ஆறாண்டு காத்திருந்து எடுத்த எண் என்பதையும் நோக்குக. ஓராண்டுக்கு மட்டும் பொருள் கொடுத்திருந்தால் அவ்வெண் பிறந்திராது.

இனிப் பொருளின் வழியைப் பார்ப்போம். வளர்முக நாடுகளின் ஆராய்ச்சியாளர்க்கென அமைந்த நிதிகளுள் மிகவும் பேர்பெற்றது, வெப்பமண்டல நோய்கள் பற்றிய ஆராய்ச்சிக்கும் பயிற்சிக்குமான விசேட நிகழ்ச்சித்திட்டம். 1975இல் உலகச் சுகாதார நிறுவனத்தின்கீழ் ஜெனீவாவில் இது தொடங்கிற்று. ஐக்கிய நாடுகள் அபிவிருத்தித் திட்டமும் உலக வங்கியும் உடன்நின்றன. பின்னாளில் யுனிசெப்பும் சேர்ந்தது. புதிய மருந்தும் முறையும் காணல் ஒரு நோக்கம். நோய் உள்ள நாட்டிலேயே ஆராயும் ஆற்றலை வளர்த்தல் மற்றொரு நோக்கம். இரண்டாம் நோக்கத்துக்காக அவர்கள் வகுத்த முறைகளுள் ஒன்றை நான் மிக மதிக்கின்றேன். வெளிநாடு சென்று பட்டம் பெற்றுத் தாய்நாடு திரும்புவோர்க்கெனத் தனியே ஒரு மீள்வரவு மானியம் வைத்தார்கள்.

அதன் அருமையை அறிய, இளம் ஆராய்ச்சியாளர் ஒருவரின் வழியை மனத்தில் நடந்து பாருங்கள். அவர் மருத்துவம் கற்று, உள்ளகப் பயிற்சி முடித்து, அரச சேவையிற் சேர்ந்து, கொழும்பிலுள்ள பட்டப்பின் மருத்துவ நிறுவகத்திற் சமுதாய மருத்துவம் பயின்று, முப்பத்தைந்து வயதளவிலே ஆராய்ச்சிக்குத் தகுதி பெறுகின்றார். அல்லது விஞ்ஞானப் பட்டதாரியாகி, பிறநாட்டிற் கலாநிதிப் பட்டம் பெறுகின்றார். அங்கே இருந்தவரை கருவியும் குருவும் உண்டு. இங்கே வந்தவுடன் மேசை ஒன்று உண்டு, விரிவுரை வேலை நிரம்ப உண்டு, ஆராயப் பணமில்லை. நிதி கேட்டால், முன்னர் என்ன நிதி பெற்று என்ன வெளியிட்டீர் என்று கேட்பார்கள். நிதி பெற்றாலன்றி வெளியீடு இல்லை. வெளியீடு இருந்தாலன்றி நிதி இல்லை. திருமணம் ஆனாலன்றிப் பித்துத் தீராது, பித்துத் தீர்ந்தாலன்றித் திருமணம் ஆகாது என்று நம்மூரிற் சொல்வார்களே, அதே நிலை. இந்த இரண்டு மூன்று ஆண்டுகளிலே சோர்ந்து, தனியார் வைத்தியத்துக்கோ வெளிநாட்டுக்கோ போய்விட்டவர், மீண்டும் ஆராய்ச்சிக்கு வருதல் அரிது. பயிற்சிக்குச் செலவிட்ட பெரும்பொருள், திரும்பி வந்தபின் கொடுக்காத சிறுபொருளால் வீணாகின்றது.

இன்னொரு தடையும் உண்டு. நிதிக்கு விண்ணப்பம் எழுதல் தனிக்கலை. அதுவும் ஆங்கிலத்தில், நாற்பது பக்கத்தில், கொடுப்பவர் விரும்பும் சொற்களால் எழுத வேண்டும். கொழும்பில் மூத்தவர் ஒருவர் அருகிருந்து திருத்திக் கொடுப்பவர்க்கும், மலைநாட்டிலிருந்து தனியே எழுதுபவர்க்கும் உள்ள வேறுபாடு பெரிது. மேலும், கொடுப்பவர் தம் கேள்வியைக் கொடுத்துத் தம் விடையைக் கேட்பதும் உண்டு. அவ்வாண்டில் எந்நோய் உலகின் கண்ணிற் பட்டதோ அதற்கே பணம் வரும். குடற்புழுவும் பாம்புக்கடியும் இரத்தச்சோகையும் காத்திருக்கும்.

எனினும் வெளியார் உதவி எப்போதும் கட்டிப் போடும் என்று கூறிவிடலாகாது. முறையாக அமைத்தால் அது ஊன்றிவிட்டுப் போகும். தமிழ்நாட்டிலேயே சிறந்த எடுத்துக்காட்டு உண்டு. 1956இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும், சென்னை அரசாங்கமும், உலகச் சுகாதார நிறுவனமும், பிரித்தானிய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் ஒருங்குகூடிச் சென்னையிற் காசநோய் ஆய்வு நிலையம் ஒன்றைத் தொடங்கின. சனற்றோரியத்திலே நல்லுணவும் ஓய்வும் கொடுத்து வைத்தியம் செய்தலும், குடிசையில் இருந்தபடியே மாத்திரை உண்ணச் செய்தலும் ஆகிய இரண்டில் எது சிறந்தது என்று ஒப்பிட்டனர். 1959இல் வெளிவந்த முடிவு உலகை வியப்பித்தது: தகுந்த மருந்தைத் தவறாது உண்டால் வீட்டு வைத்தியமும் ஏறத்தாழ அவ்வளவே பயன் தரும். சனற்றோரியம் கட்டப் பணமில்லாத ஏழை நாடுகளுக்கெல்லாம் அது பெருவரமாயிற்று. வந்த அந்நிய நிபுணர் சில ஆண்டுகளிற் போயினர். உடனிருந்து பழகிய உள்நாட்டு இளைஞர் நின்றனர். அந்நிலையம் பின்னர் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நிலையான நிறுவனமாகி, இன்று தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் என்னும் பெயரோடு சேத்துப்பட்டில் விளங்குகின்றது. வந்தவர் பணத்தோடு உள்ளூர் அரசு தன் பணத்தையும் முதலிலிருந்தே கலந்தமையே அதன் உயிர் என்பது என் கருத்து. 2008 முதல் இந்திய அரசும் இங்கிலாந்தின் வெல்கம் நிதியமும் சரிபாதி இட்டு இளம் ஆராய்ச்சியாளர்க்கு உதவுந்தொகை கொடுத்து வந்ததும் இம்முறையே.

நாமோ? வளர்முக நாடுகளின் சுகாதார ஆராய்ச்சி பற்றி ஆராய்ந்த உலகக் குழு ஒன்று 1990இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. தடுக்கக்கூடிய மரணத்தின் சுமையில் நூற்றுக்கு 93 பங்கு ஏழை நாடுகளின் தலைமேல் உள்ளது. அந்நாடுகளின் நோய்களுக்கெனச் செலவாவதோ உலகச் சுகாதார ஆராய்ச்சிப் பணத்தில் நூற்றுக்கு 5 பங்கு என்று அது காட்டிற்று. ஒவ்வொரு நாடும் தன் சுகாதாரச் செலவில் நூற்றுக்கு 2 பங்கையேனும் ஆராய்ச்சிக்கு ஒதுக்குக என்றும் கூறிற்று. நம் நாட்டில் தேசிய விஞ்ஞான மன்றமும் தேசிய ஆராய்ச்சிப் பேரவையும் ஆராய்ச்சி மானியங்கள் வழங்கி வருகின்றன. அவை நல்ல நிறுவனங்கள். ஆனால் பானையில் உள்ளதுதானே அகப்பையில் வரும்? எல்லாத் துறை ஆராய்ச்சிக்கும் சேர்த்து நாம் செலவிடுவது நாட்டின் மொத்த உற்பத்தியில் ஆயிரத்தில் ஒரு பங்களவே. வெளியிலிருந்து வருவதை நம்பியிருப்போம் என்றால், 2025ஆம் ஆண்டு அதற்கும் ஓர் எச்சரிக்கை தந்தது. அமெரிக்க அரசு தன் அபிவிருத்தி உதவி நிறுவனத்தை அவ்வாண்டில் மூடிற்று. பல நாடுகளில் ஆய்வுகள் நடுவழியில் நின்றன. சம்பளம் பெற்றுவந்த இளையோர் ஒரே மாதத்தில் வீட்டுக்குப் போயினர்.

நம் மாகாணத்திலே ஆராய வேண்டியவை தீர்ந்துவிட்டனவா என்று கேட்பீர்களாயின், இரண்டைமட்டும் கூறுவேன். முதலாவது, மலேரியாவே. நாட்டுக்குள்ளே தொற்றிய கடைசி நோயாளர் 2012இற் காணப்பட்டார். 2016 செப்டெம்பரில் உலகச் சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடென அறிவித்தது. ஆயினும் 2018 டிசம்பரில், வெளிநாட்டிலிருந்து நோயோடு வந்த ஒருவரிடமிருந்து இங்குள்ள ஒருவர்க்கு அது தொற்றியது. அஃது எங்கே நிகழ்ந்தது? இதே மொனராகலை மாவட்டத்தில். விரைந்து கண்டு அணைத்தனர். நுளம்பு போகவில்லை, நோயை அடையாளம் காணத் தெரிந்த கண்தான் ஓய்வூதியம் பெற்றுப் போய்க்கொண்டிருக்கின்றது. 1963இன் பின் நிகழ்ந்ததை மேலே கூறினேன். நோய் இல்லாத காலத்தில் அதனை ஆராய்பவர்க்குப் பொருள் கொடுப்பதே மிகக் கடினம், தேவையும் அப்போதுதான்.

இரண்டாவது, காரணம் தெளிவுறாத நாட்பட்ட சிறுநீரக நோய். வடமத்திய மாகாணத்தில் முதலிற் பேசப்பட்ட இது, பதுளை மாவட்டத்து கிராந்துருகோட்டையிலும், மொனராகலை மாவட்டத்து வெல்லவாய, புத்தள பகுதிகளிலும் உண்டு. உலகச் சுகாதார நிறுவனமும் தேசிய விஞ்ஞான மன்றமும் கூடி நடாத்திய ஆய்வின் களங்களுள் கிராந்துருகோட்டையும் ஒன்று; அதன் முடிவுகள் 2013இல் வெளிவந்தன. நீரா, உரமா, வெப்பமா, வேறொன்றா, பலவும் கூடியதா என்னும் விவாதம் இன்னும் ஓயவில்லை. இந்நோய் மெல்ல மெல்ல வளர்வது. ஈராண்டு மானியத்துக்குள் விடை தருவதன்று. வயலில் உழைப்போரைப் பற்றி இத்துணை ஆராய்ச்சி நிகழ, மலையில் உழைப்போரைப் பற்றியும் அவ்வளவு கேட்கப்படல் வேண்டாமா?

கேட்பவர் யார் என்பதும் பொருட்டே. தோட்டத்து முதியவரிடம் சென்று 'சிறுநீரகம்' என்றால் விழிப்பார். 'கிட்னி' என்றால் உடனே விளங்கிக்கொள்வார். 'இரத்தச்சோகை உண்டா' என்ற கேள்விக்கு இல்லை என்பவரே, 'ஏறி இறங்க மூச்சு வாங்குதா' என்றால் தலையசைப்பார். பிறமொழியில் அச்சிட்ட வினாத்தாளைத் தோட்டத்து உத்தியோகத்தர் ஒருவர் மொழிபெயர்க்க, அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே தொழிலாளர் விடை கூறினால், அவ்விடை எத்தன்மையதாயிருக்கும்? லயத்திற் பிறந்து வளர்ந்த ஒருவர் அவ்வினாவைத் தாமே எழுதித் தாமே கேட்பாராயின், எண்களின் முகமே மாறிவிடும். அத்தகையவர் நம் கல்லூரியிலிருந்து புறப்படுதல் அரிதன்று. விஞ்ஞானப் பட்டதாரிகளும், தாதியரும், பொதுச் சுகாதாரப் பரிசோதகரும், வைத்தியரும் நம் பழைய மாணவருள் இருக்கின்றனர்.

ஆதலின் பழைய மாணவர் சங்கத்தார்முன் ஒரு விண்ணப்பம் வைக்கின்றேன். யூபிலி நிதியிலே ஒரு பங்கை, செலவிடாத முதலாக வைத்து, அதன் வட்டியை ஆண்டுதோறும் ஊவாவின் சுகாதாரத்தை ஆராயும் இளையவர் ஒருவர்க்குக் கொடுத்தல் வேண்டும். பெருந்தொகை வேண்டியதில்லை. இளம் ஆராய்ச்சியாளர்க்குத் தடையாயிருப்பது பலவேளை பெருந்தொகையன்று. பசறையிலிருந்து மடுல்சீமைக்கும் லுணுகலைக்கும் போய்வரும் செலவு, ஆய்வுகூடக் கட்டணம், உடன்வரும் உதவியாளரின் நாட்கூலி, ஒரு நல்ல விண்ணப்பத்தை எழுதி முடிக்கும் மூன்று மாத ஓய்வு ஆகியனவே. அச்சிறு ஆய்வின் முடிவைக் கையில் வைத்துக்கொண்டு தேசிய நிதிக்கோ வெளிநாட்டு நிதிக்கோ அவர் பின்னர் விண்ணப்பிக்கலாம். முதற்படி ஒன்று இருந்தால் இரண்டாம் படியை அவரே ஏறிக்கொள்வார்.

மண்டபத்துக்குக் கூரை போடப் பணம் போதவில்லை, இது எதற்கு என்பாரும் உளர். அவர் கூறுவதிலும் நியாயம் உண்டு. மழைக்காலத்தில் அம்மண்டபத்திற் பாடம் நடத்தியவன் நான். ஆயினும் கூரைக்கு அரசிடம் கேட்கலாம், அரசியல்வாதியிடம் கேட்கலாம். பெயர்ப்பலகை வைக்க இடம் உண்டு என்றால் எவரும் கொடுப்பார். லயத்து மக்களின் இரத்தச்சோகையை எண்ணும் பெண்ணொருத்திக்கு மோட்டார் சைக்கிள் எண்ணெய்க் காசு கொடுக்க எவரும் வரார்.

நிதி அமைவதாயின் மூன்று ஏற்பாடுகள் வேண்டும். தெரிவுக் குழுவிற் சங்க உறுப்பினரோடு, இத்துறை அறிந்த வெளியார் இருவரேனும் இருத்தல் வேண்டும். உறவு பார்த்துக் கொடுத்தான் என்ற சொல் வரலாகாது. ஆய்வுக்கு வேண்டிய ஒழுக்க அனுமதியைப் பல்கலைக்கழகம் ஒன்றினூடே பெற்றபின்னரே பணம் கொடுபடல் வேண்டும். நம் மக்களின் இரத்தம் விளையாட்டுப் பொருளன்று. மூன்றாவது, ஆய்வின் முடிவு ஒன்றும் காணவில்லை என்றிருந்தாலும் அதனை எழுதித் தந்தாற் போதும் என்ற விதி. நாம் எதிர்பார்த்த விடை வரவில்லை என்று பணத்தை நிறுத்தினால், அடுத்தவர் நாம் எதிர்பார்ப்பதையே கண்டு தருவார். முடிவின் சுருக்கம் எளிய தமிழில் அச்சிடப்பட்டு, கேள்விக்கு விடை சொன்ன லயங்களுக்கே முதலிற் போய்ச் சேர வேண்டும். அத்தமிழைத் திருத்திக் கொடுக்கும் வேலையை நான் ஏற்கின்றேன்.

விழாவை அடுத்துச் சங்கத்தின் பொதுக்கூட்டம் கூடும். அங்கே இதனைப் பிரேரணையாக வைக்கக் கருதியுள்ளேன். வழிமொழிய விரும்புவோர் முன்னரே எனக்கு அறிவிப்பாராக. எதிர்த்துப் பேச விரும்புவோர் தம் கணக்கோடு வருவாராக.